அண்டை வீட்டு வாசலில் இரும்புத் தொட்டி

பிரிட்டனின் குடியிருப்புத் தெருக்களில் அண்டை வீட்டாரிடையே மூளும் பிணக்குகளுள் இதுவும் ஒன்று. ஒரு வீட்டில் கட்டட வேலை தொடங்குகிறது. ஒப்பந்தக்காரர் இடிபாடுகளைக் கொட்ட 'ஸ்கிப்' எனப்படும் பெரிய இரும்புத் தொட்டியைத் தெருவில் இறக்கிவிட்டுப் போகிறார். நாட்கள் வாரங்களாகின்றன. அயலார் முகங்கள் மாறுகின்றன.

சட்டம் தெளிவாகவே உள்ளது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுச் சாலையில் தொட்டி வைக்க, 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டம் 139ஆம் பிரிவின்படி சாலை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இருள் வேளையில் விளக்கெரிய வேண்டும். உரிமையாளரின் பெயரும், முகவரி அல்லது தொலைபேசி எண்ணும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். நிறைந்ததும் இயன்ற விரைவில் அகற்றப்பட வேண்டும். அனுமதி பெற்ற தொட்டியையும் அகற்றவோ இடம் மாற்றவோ பணிக்கச் சாலை நிர்வாகத்திற்கும் சீருடைக் காவலருக்கும் 140ஆம் பிரிவு அதிகாரமளிக்கிறது.

ஆயினும் வாசகர்களே, முதலில் செய்ய வேண்டியது முறையீடு அன்று. நேரில் சென்று பேசுவதே. முதியவர் ஒருவர் தொட்டியைச் சுற்றி வாகனங்களுக்கிடையே நடப்பது, வேலை மும்முரத்தில் அவ்வீட்டார் கண்ணில் படாதிருக்கலாம். எடுத்துச் சொன்னால் திருந்துவோரே பலர். பேசியும் பயனில்லையெனில் சாலை நிர்வாகத்தை நாடுவதில் தவறில்லை. ஆனால், கேளாமல் நம் பழைய மெத்தையை அதில் போடுவது தகாது. வாடகை கொடுப்பவர் அவரல்லவா?

வேலை நம் வீட்டில் என்றால், தொட்டி வருமுன்பே வரும் நாளையும் போகும் நாளையும் இருபுறத்து வீடுகளுக்கும் சொல்லிவிடுவோம். கட்டட வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். அண்டை வீட்டுறவோ ஆண்டுக்கணக்கில் நீடிக்க வேண்டியது.