ஆயிரவரைக் கேட்டார்களா?

"சிலப்பதிகாரத்தில் குற்றவாளி யார்?" என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த அரைமணி நேரத்துக்கு உபாத்தியாயருக்கு வேலையே இராது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கலாம். நான் அப்படித்தான் செய்வது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் மேல்வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். பழைய காவியங்களில் ஏதேனும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் வரும் மனிதர்கள் செய்தது சரியா, தவறா, நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று பேசுகிறோம். இந்தப் படிப்புக்குப் பரீட்சை கிடையாது. ஆகையால் உரையாசிரியர் சொன்னதைச் சொல்லாமல், அவரவர் மனத்தில் உள்ளதையே அவரவர் சொல்லுகிறார்கள். சில சமயம் அது உபாத்தியாயருக்குச் சங்கடமாகவும் முடிகிறது. சென்ற மாதம் அப்படி முடிந்த கதையைத்தான் இவ்வாரம் எழுத உட்கார்ந்தேன்.

குற்றவாளி யார் என்று கேட்டேன் அல்லவா? ஒரு பையன், "கோவலன்தான். மனைவியை விட்டுப் போனவனுக்கு வந்த வினை" என்றான். "மாதவி" என்றான் இன்னொருவன். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. கோவலன் தானாகப் போனான், தானாகத் திரும்பினான், நடுவில் மாதவி செய்த குற்றம் என்ன என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அந்தப் பையனால் இன்றுவரை பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாமவன் ஊழ்வினை என்றான். அவன் முழுவதும் படித்தவன். மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் பழம்பிறப்புக் கதையை ஆதாரம் காட்டினான். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயருடன் இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொடுத்துக் கொல்லச் செய்தானாம். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் இப்பிறப்பில் பலித்ததாம். "அப்படியானால் பாண்டியன் ஏன் உயிரை விட்டான்? விதி செய்த காரியத்துக்கு இவன் ஏன் வெட்கப்பட வேண்டும்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். பாண்டியனுக்குப் பரதன் கதை தெரியாது, அம்மா. தான் விசாரிக்கவில்லை என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். அது தெரிந்த மாத்திரத்தில் அவனால் சிங்காதனத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று சொன்னேன்.

பிறகு கொலைக்களக் காதையை எடுத்துக்கொண்டோம். மனித சுபாவத்தை அறிய விரும்புகிறவர்கள் அந்த ஒரு காதையை நூறு முறை படிக்கலாம். பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். ஆடல் மகளிரின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பெருந்தேவிக்கு அது பிடிக்கவில்லை. தலைநோய் என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். (இந்தத் தலைநோய் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவில்லை.) அரசன் அவளைச் சமாதானம் செய்ய அந்தப்புரம் நோக்கி விரைகிறான். அந்தச் சமயம் பார்த்துத்தான் பொற்கொல்லன் வழியில் நின்று வணங்கித் தன் பொய்யைச் சொல்லுகிறான். அரசனுடைய மனம் முழுவதும் தேவியின் ஊடலில் இருக்கிறது. ஒரு மனிதனுடைய உயிர் அதற்கு இடையே குறுக்கிட்ட ஒரு சிறு தொந்தரவாகி விடுகிறது. காவலரைக் கூப்பிட்டு ஓர் உத்தரவு, அவ்வளவுதான்.

காவலர் சென்று கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்தவுடன் அவர்களுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்குரிய கள்வனாகத் தோன்றவில்லையே என்று வாய் விட்டுச் சொல்லுகிறார்கள். இங்கேதான் அந்தப் பொற்கொல்லனுடைய சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். கோவலன் திருடினான் என்பதற்கு அவன் ஓர் அத்தாட்சியும் சொல்லுவதில்லை. கோவலனைப் பற்றியே பேசுவதில்லை! கள்வர்களைப் பற்றிப் பேசுகிறான். அவர்களுக்கு மந்திரம் உண்டு, மருந்து உண்டு, தந்திரம் உண்டு, இடமும் காலமும் அறிவார்கள் என்று பெரிய பிரசங்கம் செய்கிறான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இளங்காவலன், முன்னொரு நாள் மழையிருட்டில் தன் கையிலிருந்த வாளை ஒரு கள்வன் பறித்து மறைந்த கதையைச் சொல்லுகிறான். அவன் சொல்லும் கள்வன் வேறு, எதிரே நிற்கும் மனிதன் வேறு. ஆனால் பயம் வந்தபிறகு அந்த வித்தியாசம் யாருக்குத் தெரிகிறது? கல்வியில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். மற்றவர்கள் தடுக்கவில்லை.

"அந்தப் பொற்கொல்லனை என்ன செய்தாலும் தகும்" என்றான் ஒரு பையன். எல்லாரும் ஆமோதித்தார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் திண்ணையின் மூலையில் இருந்த பையன் பேசினான். எப்போதும் அதிகம் பேசாதவன். "ஐயா! பின்னால் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்றதாக வருகிறதே. அந்த ஆயிரவரையும் விசாரித்தார்களா?" என்றான்.

அந்தப் பகுதியை நேயர்களில் பலர் படித்திருப்பீர்கள். நெடுஞ்செழியன் இறந்த பிறகு கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பட்டத்துக்கு வந்தான். பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமையும் வெப்பு நோயும் பரவின. ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினித் தெய்வத்துக்குப் பலியிட்டுச் சாந்தி செய்தான், மழை பெய்தது என்று நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரை சொல்லுகிறது. நீர்ப்படைக் காதையில் மாடல மறையோன் இதையே செங்குட்டுவனுக்குச் செய்தியோடு செய்தியாகச் சொல்லிப் போகிறான். ஒரே பகற்பொழுதில் ஆயிரம் உயிர்! கோவலனைக் காட்டிக்கொடுத்த கொல்லன் அந்த ஆயிரவரில் ஒருவனா என்பதைக்கூட மாடலன் சொல்லவில்லை.

உ. வே. சாமிநாதையர் 1892-ல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டுத் தமிழர் கையில் கொடுத்தார். அந்த நூலை எத்தனை முறை படித்திருப்பேன், எத்தனை மேடைகளில் பேசியிருப்பேன்! அந்த ஆயிரத்தைப் படிக்கும்போது ஒரு நாளாவது நான் நின்றதில்லை. ஒருவனை விசாரியாமல் கொன்ற அரசனுக்காக முப்பது காதைகள் கண்ணீர் விட்டிருக்கிறோம். விசாரியாமல் ஆயிரவரைக் கொன்ற அரசனை இரண்டு மூன்று வரிகளில் கடந்து போயிருக்கிறோம்.

பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. "ஆயிரம் என்பது கவி வழக்கு, மிகையாகச் சொல்லியிருக்கலாம்" என்றான் ஒருவன். "பத்துப் பேராயிருந்தால் பரவாயில்லையா?" என்று பதில் வந்தது. "மழை இல்லாமல் ஜனங்கள் மடிந்தார்கள். ஏதாவது செய் என்று அரசனை நெருக்கியிருப்பார்கள்" என்றான் வேறொருவன். இது யோசிக்க வேண்டிய பேச்சு. ஊர் துன்பப்படும்போது யாரையாவது குற்றவாளியாகக் காட்டினால்தான் ஊர் அடங்குகிறது. அந்த வேலைக்கு ஒரு தனி மனிதனைவிட ஒரு கூட்டம் சௌகரியமாக இருக்கிறது. கூட்டத்தை அடையாளம் கண்டுகொள்ள விசாரணை வேண்டியதில்லை, தெருப் பெயர் போதும்.

ஊழ்வினை பற்றிக் கேட்ட அதே பெண் இப்போது இன்னொன்றைச் சுட்டிக் காட்டினாள். "மதுரைக்குத் தீ வைத்தபோது கண்ணகிக்கு இருந்த கோபம் வேறு யாருக்கும் இருந்திருக்க முடியாது. அவளே அறவோரையும் பசுக்களையும் பத்தினிப் பெண்களையும் கிழவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் சேரும்படி அக்கினி தேவனிடம் சொன்னாள். வெற்றிவேற் செழியன் யாரையும் விலக்கவில்லையே!" என்றாள். மாடலன் சொல்லும் மற்றச் சாவுகளையும் பார்க்கவேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அடைக்கலம் கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று ஆயர்குல மாதரி தீயில் விழுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டார். ஒரு குற்றமும் அறியாத இவர்கள் பழியைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். அரசனோ பழியைத் தூக்கி ஒரு தொழிலின்மேல் வைத்துவிட்டான்.

பழைய காலத்துக் கொடுமை என்று புத்தகத்தை மூடிவிடலாம் என்றால், அதுவும் முடியவில்லை. அதே பாண்டிய நாட்டில் நம் பாட்டன்மார் காலத்தில் நடந்தது என்ன? வெள்ளைக்காரர் 1871-ல் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். 1911-ல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒருவன் திருடினானா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எந்த ஜாதியில் பிறந்தான் என்று கேட்டது. அந்தப் பெயருடன் பிறந்துவிட்டால் விரல் ரேகை பதிய வேண்டும், ஊரை விட்டு வெளியே போக அநுமதிச் சீட்டு வேண்டும், இரவில் போலீஸாருக்கு ஆஜர் கொடுக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மாட்டோம் என்று கள்ளர் குலத்து ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-லும் தேசம் முழுவதிலும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆங்கிலேயர் பொற்கொல்லனிடம் பாடம் கேட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் செய்த தர்க்கம் அவனுடையதுதான். இந்த மனிதனைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாதபோது கள்வர்களைப் பற்றிப் பேசு!

"சட்டம் போய்விட்டது. பெயரும் போய்விட்டதா, ஐயா?" என்று மூலையிலிருந்த பையன் கேட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் தகப்பனார் பொன்வேலை செய்கிறவர். பெரிய நகைக்கடைகள் வந்தபிறகு வேலை குறைந்து, வீட்டு முன்கூடத்தில் பட்டறை வைத்துக்கொண்டு பழுது பார்த்தும் பற்றவைத்தும் காலம் தள்ளுகிறார். முதல் ஞாயிறு நாங்கள் கொலைக்களக் காதையைத் தொடங்கியபோது, ஒரு பையனுடைய பேனா காணாமற் போயிற்று. "ஆசாரி பையைப் பாருங்கள், அங்கேதான் சிலம்பு இருக்கும்" என்று எவனோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். பேனா திண்ணைக்குக் கீழே செருப்புகளுக்கு நடுவில் கிடந்தது. அன்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். பெற்ற தாயின் நகையிலும் குந்துமணிப் பொன் எடுப்பார்கள் என்று நானும் என் பங்குக்கு ஊர்ப் பேச்சு ஒன்றை எடுத்து விட்டேன். பையன் அப்போது குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாடத்தைப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்பது உபாத்தியாயர்களுக்குப் பழக்கமில்லாத காரியம். வார்த்தை சரியாக வரவில்லை. ஆனாலும் அத்தனை பேர் முன்னிலையில் கேட்டேன். பேனாக்காரப் பையன், "நானும்தான், ஐயா" என்றான். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னான். பதினாறு வயதில் அவ்வளவு வந்ததே போதும்.

அடுத்த ஞாயிறு அந்தப் பையன் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். நாங்கள் பேசியதை வீட்டில் தகப்பனாரிடம் சொன்னானாம். அவர் உமியோட்டை ஊதிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாராம்.

"என்ன சொன்னார்?" என்றேன்.

"தேவியின் சிலம்பை அந்தப் பொற்கொல்லன் திருடியது திருடியதுதான், அதற்குப் பரிந்து பேசாதே என்றார், ஐயா. அப்புறம், உள்ளே இருந்த பரல் என்ன என்று கேட்டார். தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்றேன். அதற்காகவா ஓர் உயிர் போயிற்று என்று சிரித்தார். உடைத்துப் பார்க்கக்கூட வேண்டாமாம். காதருகில் வைத்து ஆட்டினால் போதுமாம். முத்தின் ஓசை வேறு, மாணிக்கத்தின் ஓசை வேறு. தொழில் தெரிந்த எவனும் சொல்லிவிடுவானாம்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்திருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பினான். கோவலன் மதுரை வீதியில் அந்த அரண்மனைப் பொற்கொல்லனை முதன் முதல் சந்திக்கும் இடம்.

"இங்கே பாருங்கள், ஐயா. அவனுக்குப் பின்னால் நூறு கொல்லர்கள் நடந்து வருகிறார்கள். அரசன் அந்த நூறு பேரில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே!"