வேலியே பயிரை மேயலாமா?

தன் வழக்கில் தானே நீதிபதியாக அமரலாகாது என்பது நீதிமுறையின் அடிப்படை. ஊர்ப் பஞ்சாயத்தில்கூட, வழக்கில் சிக்கியவரே தீர்ப்புச் சொல்ல நாம் ஒப்புவதில்லை. ஆனால், உலக சமாதானத்தைக் காக்கவென்றே ஏற்பட்ட ஐ.நா. பாதுகாப்புச் சபையில் நடப்பது என்ன?

1945-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஐ.நா. சாசனம் வகுக்கப்பட்டபோது, சிறிய நாடுகள் பல 'வீட்டோ' எனும் தடுப்பதிகாரத்தை எதிர்த்து வாதாடின. அதுவின்றிச் சபையே இல்லை என்று வல்லரசுகள் உறுதியாய் நின்றன. அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும் அதனைப் பெற்றன. வல்லரசுகள் தம்முள் மோதி மற்றொரு உலகப் போர் மூளாதிருக்க இது தேவை என்ற அவர்கள் வாதத்தை நாம் முற்றிலும் தள்ளிவிடவில்லை.

பிணக்கில் சம்பந்தப்பட்ட நாடு வாக்களியாது விலகி நிற்க வேண்டும் எனச் சாசனத்தின் 27-ஆம் விதியும் கூறுகிறது. ஆனால் அது சமரச முயற்சிகளுக்கு மட்டுமே பொருந்தும். அங்கும் அரிதாகவே கைக்கொள்ளப்படுகிறது. எனவேதான், 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை 11 நாடுகள் ஆதரித்தும், படையெடுத்த ரஷ்யாவின் ஒரே வாக்கு அதனை வீழ்த்தியது. அம்மாதம் சபைக்குத் தலைமை வகித்ததும் ரஷ்யாவே! 2023 டிசம்பர் 8 அன்று காஸாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 13 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா தடுத்துவிட்டது. மன்றத்தில் ஒரு கை உயர்ந்தது; அங்கே குண்டுமழையில் தாய்மாரும் குழந்தைகளும் மடிந்துகொண்டிருந்தனர்.

இதனைத் திருத்த இயலாதா? 108-ஆம் விதிப்படி, சாசனத்தைத் திருத்த ஐந்து நாடுகளின் இசைவும் வேண்டும். பூட்டியவர் கையிலேயே சாவியும் இருக்கிறது! 1965-இல் சபையின் இடங்கள் 11-லிருந்து 15 ஆயின, வீட்டோ அசையவில்லை. ஆப்பிரிக்கக் கண்டத்திற்கு இன்றும் நிரந்தர இடமில்லை.

எனினும், நாம் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. வீட்டோ பயன்படுத்தப்பட்டால் பத்து வேலை நாள்களுக்குள் பொதுச் சபை கூடி அதுபற்றி விவாதிக்க வேண்டும் என, லீக்டென்ஸ்டைன் எனும் மிகச் சிறிய நாடு முன்மொழிந்த தீர்மானம் 2022 ஏப்ரல் 26 அன்று நிறைவேறியது. மக்கள் கூட்டங்கூட்டமாய்க் கொல்லப்படும் வேளைகளில் வீட்டோவைக் கைவிடுமாறு பிரான்சும் மெக்சிகோவும் விடுத்த அழைப்பை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றுள்ளன. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் இன்னும் இசையவில்லை.

அதிகாரத்தைப் பறிக்க இயலாவிடினும், அதற்குக் கணக்குக் கேட்கலாம். நமக்கு வேண்டிய நாடு தடுத்தால் வாளாவிருந்து, வேண்டாத நாடு தடுத்தால் மட்டும் வெகுண்டெழுவது நீதியாகாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க நாம் கற்போமா?