வண்டிக்கும் வேண்டும் வில்லங்கச் சான்று

2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் ஏறக்குறைய 30 இடங்களில் சுங்கத் துறை ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. ‘ஆபரேஷன் நும்கோர்’ என்று பெயரிடப்பட்ட அந்தச் சோதனையில் முதல் நாளே 36 வண்டிகள் கைப்பற்றப்பட்டன. திரை நட்சத்திரங்களின் வீடுகளும் சோதிக்கப்பட்டதால் செய்தி பெரிதானது. எந்த நடிகர் வீட்டில் எந்தக் கார் நின்றது என்பதே பல நாள் பேச்சாக இருந்தது. பூடானிலிருந்து முறையின்றி வந்ததாகச் சொல்லப்படும் ஒரு பழைய கார், இந்தியப் பதிவெண்ணையும் அரசு வழங்கும் ஆர்சி புத்தகத்தையும் எப்படிப் பெற்றது என்ற கேள்வி அந்தப் பேச்சில் அமுங்கிவிட்டது. பழைய கார் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சுங்கத் துறையின் குற்றச்சாட்டு இது: பூடான் அரச ராணுவம் கழித்து ஏலம்விட்ட வண்டிகளைச் சிலர் குறைந்த விலைக்கு எடுத்து இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். போலி ஆவணங்களைக் காட்டி இமாச்சலப் பிரதேசம் போன்ற தொலைதூர மாநிலங்களில் பதிவுசெய்து, தென்னிந்தியாவில் நல்ல விலைக்கு விற்றார்கள். அக்டோபர் 8 அன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமாக 17 இடங்களில் சோதனையிட்ட அமலாக்கத் துறை, கோவையை மையமாகக் கொண்ட ஒரு கும்பல் இதன் பின்னால் இருப்பதாகக் கூறியது. இந்திய ராணுவம், அமெரிக்கத் தூதரகம், வெளியுறவு அமைச்சகம் ஆகியவற்றின் பெயரில் போலி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டதாகவும் அது சொல்கிறது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். இப்படிப்பட்ட மோசடிக்கு எங்கே இடம் இருக்கிறது என்பதை அறிய, நம் விதிகளைப் படித்தாலே போதும்.

மூடிய வாசலும் திறந்த எல்லையும்

வெளிநாட்டிலிருந்து பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவருவது எளிதல்ல. தயாரித்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்காவது சாலையில் ஓடும் தகுதி இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். நிரந்தரமாகத் தாயகம் திரும்புவோருக்குச் சில நிபந்தனைகளுடன் சலுகை உண்டு. ஆனால், தீர்வையிலிருந்து அவர்களும் தப்ப முடியாது.

அந்தத் தீர்வை சாதாரணமானதல்ல. 2025 பட்ஜெட்டில் பழைய கார்களுக்கான அடிப்படைச் சுங்கத் தீர்வை 125 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கூடவே 67.5 சதவீத வேளாண் உள்கட்டமைப்பு வரி சேர்க்கப்பட்டதால் மொத்தச் சுமை முன்பிருந்த 137.5 சதவீதத்திலேயே நின்றது. இதற்கு மேல் ஜிஎஸ்டி. பெரிய எஸ்யுவி வண்டிகளுக்கு அது 40 சதவீதம். அதாவது, 100 ரூபாய் மதிப்புள்ள வண்டி சுங்கத் துறையைத் தாண்டும்போது 332 ரூபாய் 50 காசாகியிருக்கும். பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய லேண்ட் குரூசரையோ பிராடோவையோ விரும்புகிறவருக்கு, இவ்வளவு தீர்வை கட்டத் தயாராக இருந்தாலும், வயது வரம்பு வழிவிடாது. இந்த வண்டிகள் மலைப்பாதைக்கும் சேற்றுக்கும் அசராதவை என்று பெயர் வாங்கியவை. வாங்க ஆள் இருக்கிறது. சட்டப்படி இறக்குமதி செய்ய வழி இல்லை. கள்ளச்சந்தை பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

மறுபக்கம், பூடானுடனான நமது 699 கிலோமீட்டர் எல்லை நட்பின் எல்லை. மேற்கு வங்கத்தின் ஜெய்காவ் நகரமும் பூடானின் புன்ட்ஷோலிங்கும் அடுத்தடுத்த தெருக்கள்போல் ஒட்டிக்கிடக்கின்றன. பூடானின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போக அந்நாட்டு வண்டிகள் அசாம், மேற்கு வங்கச் சாலைகளைப் பயன்படுத்துவது வழக்கம். இரு நாடுகளிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் ஓடுகின்றன, ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். எல்லை தாண்டிய கார் எந்த மாற்றமும் இல்லாமல் இந்தியக் காராகிவிட முடியும். இதற்காக எல்லையில் கெடுபிடியைக் கூட்டுவது, அன்றாடம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வரும் எளிய மக்களைத்தான் வதைக்கும். அது பலன் தரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நைஜீரியா 2017 ஜனவரி முதல் தரைவழி எல்லைகள் மூலமாகக் கார் இறக்குமதியைத் தடைசெய்தது. அண்டை நாடான பெனினின் கோட்டோனூ துறைமுகத்தில் இறங்கும் பழைய கார்கள் அதற்குப் பிறகும் நைஜீரியாவுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஆர்டிஓ மேஜையில் விழுந்த ஓட்டை

எல்லை தாண்டியதும் கடத்தல் முடிந்துவிடுவதில்லை. பதிவெண் இல்லாத காரை எவரும் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்க மாட்டார்கள். கடத்தி வந்த இரும்பைக் காசாக்குவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முத்திரைதான்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 47ஆவது விதி, புதிதாகப் பதிவுசெய்ய என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று பட்டியலிடுகிறது. இறக்குமதி செய்யப்பட்ட வண்டி என்றால் சுங்கத் துறையின் அனுமதிச் சான்று வேண்டும். ராணுவம் கழித்துவிட்ட வண்டி என்றால், ராணுவ அதிகாரி தரும் 21ஆம் எண் படிவ விற்பனைச் சான்று வேண்டும். அமலாக்கத் துறை குறிப்பிடும் போலி ஆவணங்களை இந்த விதியோடு சேர்த்துப் பாருங்கள். அயல்நாட்டிலிருந்து வந்த காரை, ‘இந்திய ராணுவம் ஏலம்விட்டது’ என்று காட்டிவிட்டால், சுங்கச் சான்றைக் கேட்கும் கேள்வியே எழாது. தூதரகத்தின் பெயரும் இதேபோல் உதவும். தூதரக அதிகாரிகள் தீர்வையின்றிக் கார் கொண்டுவரலாம். பிறகு உரிய அனுமதியோடு அதை விற்கலாம். அந்த அனுமதிக் கடிதத்தைப் போலியாகத் தயாரித்தால் காருக்கு ஒரு கௌரவமான பூர்வீகம் கிடைத்துவிடுகிறது.

இந்தப் போலியைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் ஆர்டிஓ அலுவலகம். சேஸிஸ் எண்ணைச் சுங்கத் துறையின் பதிவோடு ஒப்பிட்டிருந்தால், கடிதம் அனுப்பியதாகச் சொல்லப்படும் அலுவலகத்திடம் ஒரு முறை கேட்டிருந்தால், அந்த மேஜையிலேயே மோசடி முடிந்திருக்கும். ஒரு முறை பதிவாகிவிட்டால், என்ஓசி வாங்கி வேறு மாநிலத்துக்கு மாற்றும்போது அங்குள்ள அதிகாரி முதல் பதிவை நம்பியே அடுத்த பதிவைச் செய்கிறார். இரண்டு கை மாறிய பிறகு பூடான் என்ற சொல்லே அந்த வண்டியின் காகிதங்களில் இருக்காது.

கடைசியில் மாட்டுபவர்

பறிமுதல் நடவடிக்கை பொருளைத் தொடர்வது. கார் யாரிடம் இருக்கிறதோ அவர் வாசலில்தான் அதிகாரிகள் வந்து நிற்பார்கள். கொண்டுவந்தவரும் தரகரும் பணத்தோடு நகர்ந்திருப்பார்கள். பொய் ஆவணத்தின் பேரில் பெற்ற பதிவை ரத்துசெய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இடம்தருகிறது. பதிவு போனால், விபத்து இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்யவும் வாய்ப்புண்டு. காசு கொடுத்து, ஆர்சி புத்தகத்தைப் பார்த்து, பெயர் மாற்றி, வரி கட்டியவர் ஒரே நாளில் சந்தேகத்துக்குரியவர் ஆகிவிடுகிறார்.

நீதிமன்றங்கள் இதை உணர்ந்திருக்கின்றன. கொச்சி சுங்கத் துறை தொடர்பான ஒரு போர்ஷே கார் வழக்கில், பின்னாளில் வாங்கியவரை இறக்குமதியாளராகக் கருதி அவரிடம் தீர்வை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ‘நும்கோர்’ விவகாரத்திலும், கைப்பற்றிய ஒரு வண்டியை இடைக்காலமாக விடுவிக்கும் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு கேரள உயர் நீதிமன்றம் சுங்கத் துறைக்குச் சொன்னது. வசதி படைத்தவர் உயர் நீதிமன்றம் போகலாம். சேமிப்பைப் போட்டுப் பழைய எஸ்யுவி வாங்கிய டிராவல்ஸ்காரரால் அது முடியுமா?

செய்ய வேண்டியவை

காலி மனை வாங்கும்போது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எங்கே அடமானம் இருக்கிறது என்று அரசே எழுதித் தருகிறது. பல லட்சம் ரூபாய் காருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். முதல் பதிவு எந்த ஆவணத்தின் பேரில் நடந்தது, இறக்குமதி என்றால் சுங்க ஆவணத்தின் எண் என்ன, ராணுவ ஏலம் என்றால் சான்று எப்போது, யார் தந்தது என்பவை உள்பட முழு வரலாறும் சிறு கட்டணத்தில் கிடைக்க வேண்டும். பதிவுகள் ‘வாஹன்’ தரவுதளத்திலும் இறக்குமதி விவரங்கள் சுங்கத் துறையின் கணினியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் சேஸிஸ் எண் வழியாக இணைப்பதே மீதமுள்ள வேலை.

அந்த இணைப்பில் பொருந்தாத வண்டிக்குப் பதிவே கிடைக்கக் கூடாது. ராணுவச் சான்றும் தூதரக அனுமதியும் விண்ணப்பதாரர் கையில் கொண்டுவரும் காகிதமாக இல்லாமல், வழங்கும் அலுவலகத்திலிருந்து ஆர்டிஓவுக்கு நேரடியாக வர வேண்டும். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதைக் கறாராக நடைமுறைப்படுத்தினால் தரகருக்கும் பொறுப்பு வரும். விசாரணை, கார் வைத்திருந்தவர்களோடு நின்றுவிடாமல், முதல் பதிவுக்குக் கையெழுத்திட்டவர்கள் வரை போக வேண்டும்.

பொதுமன்னிப்புத் திட்டம் கொண்டுவரலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவிலிருந்து முறையின்றி வந்த பழைய கார்களை 2,500 பேசோ கட்டணத்தில் சட்டபூர்வமாக்க மெக்சிகோ 2022இல் வழிசெய்தது. கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. மன்னிப்பு எப்படியும் வரும் என்று தெரிந்தால் யாரும் முறைப்படி தீர்வை கட்ட மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் உள்ள மாநிலத்தில் அந்த வழியை ஆதரிக்க முடியாது.

வாங்குகிறவர் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட சேஸிஸ் எண் ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அந்தக் கார் ஜப்பானில் தயாரானது. அதற்குச் சுங்க ஆவணம் எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள். முதல் பதிவு தொலைதூர மாநிலத்தில் நடந்திருந்தால் அந்த அலுவலகத்திலேயே விசாரியுங்கள்.

ஆனாலும் குடிமகனைத் துப்பறிவாளராக்கிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஆர்சி புத்தகம் அரசு தரும் வாக்குறுதி. அதை நம்பித்தான் வங்கி கடன் தருகிறது, காப்பீட்டு நிறுவனம் பாலிசி தருகிறது, மக்கள் பணம் தருகிறார்கள். தான் முத்திரையிட்ட ஆவணம் பொய் என்று தெரியவரும்போது, நம்பிக்கையோடு வாங்கியவரின் இழப்பை ஈடுகட்டும் கடமையை அரசு ஏற்க வேண்டும். தவறினால் தன் கருவூலத்திலிருந்து பணம் போகும் என்ற நிலை வந்தால்தான், முத்திரையிடும் முன் சேஸிஸ் எண்ணைச் சரிபார்க்கும் அக்கறையும் வரும்.