இருவகை எடைக்கற்கள்

ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்களை வைத்திருக்கலாகாது என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. தானியத்துக்கென அன்று விதிக்கப்பட்ட அந்நெறி இன்று புகைக்கும் தேவைப்படுகிறது. மின்சாரம் ஆக்குவதில் எந்த நாடு எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்று உலகம் கணக்குப் பார்க்கிறது. அந்தக் கணக்கில் இருவகைக் கற்கள் புழங்குகின்றன என்பதும், நம் பையும் அதற்கு விலக்கன்று என்பதுமே இங்கு நாம் சொல்ல விழைவது.

ஏற்காட்டு ஒண்டிக்கடையில் எரியும் விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மாநிலம் முழுதும் பிறக்கும் மின்சாரம் ஒரே வலையில் கலந்தே வருகிறது. ஆயினும் அதன் இரு முகங்களையும் காண நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. மலைக்குக் கீழே மேட்டூர் இருக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையில், 1937 முதல் காவிரி நீரே சுழலிகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அங்கே புகைபோக்கி இல்லை. அருகிலேயே 1987-இல் இயங்கத் தொடங்கிய அனல் மின் நிலையம், இன்று 1,440 மெகாவாட் திறனோடு நிலக்கரியை எரிக்கிறது. அங்கே ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஊர் ஒன்று, ஆறு ஒன்று; கணக்கு மட்டும் இரண்டு. இதில் நல்லவர் யார், தீயவர் யார்? ஓரிடத்தில் நீர் இருந்தது; மற்றோரிடத்தில் கரி எரிந்தது. அவ்வளவே.

நாடுகளின் கதையும் இதுதான். யூனிட் என்னும் கல்லால் நிறுத்தால், இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல். அமெரிக்காவில் அதில் ஏறத்தாழப் பாதி. பிரான்சில் நூறு கிராமுக்கும் குறைவு. நார்வேயில் அதனினும் குறைவு. நார்வேக்கு மலையும் மழையும் வாய்த்தன. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பிரான்சு அணு உலைகளைக் கட்டிக்கொண்டது. நம் மண்ணுக்கடியில் கிடைத்ததோ நிலக்கரி. இந்த ஒரு கல்லை மட்டும் காட்டி, "நீங்களே பெருங்குற்றவாளி" என்று நம்மைச் சுட்டுவோர், தம்முடைய மற்றொரு கல்லைப் பைக்குள் மறைத்துவிடுகிறார்கள்.

அக்கல்லின் பெயர் மனிதன். 2023-24-இல் இந்தியர் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யூனிட். அமெரிக்கர் ஒருவருக்கோ 12,000 யூனிட்டுக்கும் மேல். பெருக்கிப் பாருங்கள்: மின்சாரத்தால் நம்மில் ஒருவர் கணக்கில் ஏறுவது ஏறத்தாழ ஒரு டன், அவர் கணக்கில் நான்கு டன்னுக்கும் மேல். யூனிட்டுக்கு இருமடங்கு புகைவிடும் நாம், தலைக்கு நான்கில் ஒரு பங்கே விடுகிறோம்! தொழிற்புரட்சிக் காலம் முதல் வானில் சேர்ந்த கரியமில வாயுவைக் கணக்கிட்டாலோ, அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழக் கால் பகுதி. இந்தியாவின் பங்கு நூற்றில் நான்கைக்கூட எட்டவில்லை.

இன்னொன்றையும் கருதுங்கள். சேர்வராயன் மலையின் பாக்சைட், மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பல ஆண்டுகள் இறங்கிச் சென்றது. ஒரு டன் அலுமினியம் உருக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த உலோகத்தை வாங்கிப் பயன்படுத்துபவர் எக்கண்டத்தில் வாழ்ந்தாலும், அதன் புகை ஆக்கிய நாட்டின் பேரேட்டிலேயே எழுதப்படும். பண்டம் அவர்களுக்கு, பழி நமக்கு! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'லௌதாத்தே தேயும்' மடலில், அமெரிக்காவின் தனிமனித உமிழ்வு சீனாவினதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்றும், மிக வறிய நாடுகளின் சராசரியைப்போல் ஏழு மடங்கு என்றும் சுட்டியது இதனாலேயே. தலைகளை எண்ணாத கணக்கு நீதியான கணக்காகாது.

இதுவரை வாசித்துத் தலையசைத்தவர்கள் இனிச் சற்றுப் பொறுக்கவேண்டும். ஏனெனில் அதே கல்லை நம் வீட்டுக்குள்ளும் வைத்தாக வேண்டும்.

1,400 யூனிட் என்பது சராசரி. சராசரி என்பது ஒரு போர்வை. சேர்வராயன் மலைச் சிற்றூரில் இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சியோடு வாழும் குடும்பம் மாதம் முழுதும் 50 யூனிட்டில் காலம் தள்ளிவிடும். ஒன்றரை டன் குளிரூட்டி ஒன்று இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு முதல் பத்து யூனிட் போய்விடும். ஆக, அக்குடும்பத்தின் ஒரு மாதம் நகரத்துப் படுக்கையறை ஒன்றின் ஆறு இரவுகளே. ஆயினும் உலக மன்றங்களில் "எங்கள் தலைக்கு உமிழ்வு குறைவு" என்று நாம் வாதிடும்போது, அந்தக் குறைவை ஈட்டித் தந்தவர் யார்? மலைக்குடியினரும் தோட்டத் தொழிலாளரும் அல்லவா! அவர்களின் இல்லாமை நம் மிகுதிக்குக் கேடயமாகிறது. பணக்கார நாடுகள் நமக்குச் செய்வதை, நம் வசதியுள்ளோர் நம் ஏழைகளுக்குச் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். குடிசைக்கு அது உதவி. நான்கு குளிரூட்டிகள் ஓடும் மாளிகைக்கு அது எதற்கு?

"அப்படியானால் அவர்கள் அளவை எட்டும்வரை நாமும் கரியை எரிக்கலாமே" என்பார் சிலர். கூடாது. மழை பருவம் தவறினால் முதலில் வாடுவது நம் காப்பிச் செடியே. அனல் நிலையத்தின் சாம்பலைச் சுமப்பதும் நம் மண்ணே. அடுத்த யூனிட்டை எதைக்கொண்டு ஆக்குவது என்ற கேள்விக்கு யூனிட் கல்லே சரி. காற்றையும் கதிரவனையும் நாடச் சொல்வது அதுவே. யார் எவ்வளவு கடன்பட்டவர் என்ற கேள்விக்கு மனிதக் கல்லே சரி. கேள்விக்கு ஏற்பக் கல்லைத் தேர்வது அறிவு. வசதிக்கு ஏற்ப மாற்றுவது வஞ்சகம்.

வாசகர்களே, இம்மாத மின் கட்டண அட்டையை எடுங்கள். இரு மாத யூனிட்டை ஆறால் பெருக்கி ஆண்டுக் கணக்காக்கி, வீட்டிலுள்ள தலைகளால் வகுங்கள். வரும் எண்ணை 0.7-ஆல் பெருக்கினால் கிடைப்பது, உங்கள் வீட்டு மின்சாரத்தில் உங்கள் பங்குக் கரியமில வாயு, கிலோ கணக்கில். வாஷிங்டனை நோக்கி விரல் நீட்ட நமக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமை, இந்த எண்ணை ஒரு தோட்டத் தொழிலாளியின் முன் கூச்சமின்றி வாசித்துக் காட்டக்கூடியவருக்கே உரியது.