நாம் ஏறியதும் கதவைச் சாத்தலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் கூட்டம். வழக்கமாகப் பதினைந்து பேர் வந்தால் அதிகம். அன்று நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து பெஞ்ச் எடுத்து வந்து போட்டோம். காரணம், கல்லூரிக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் காலி நிலத்தில் வரப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்பு. மொத்தம் 1,200 வீடுகள் என்கிறார்கள்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார், "ஒரு செங்கல்கூட வைக்க விடக்கூடாது" என்றார்கள். இன்னொரு சாரார், "வரட்டுமே சார், நம்ம மனைக்கும் விலை ஏறும்" என்றார்கள். நான் இரண்டு பக்கமும் இல்லை. கடைசியில் பேசச் சொன்னார்கள். அங்கே அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 1986இல் நான் இங்கே மனை வாங்கியபோது இது வயல். வரப்பு இன்னும் அழியவில்லை. கடைக்கால் தோண்டும்போது மாடு ஓட்டிக்கொண்டு போன ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "இங்கயுமா வந்துட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இன்று அதே கேள்வியை நாம் அடுத்தவரிடம் கேட்கிறோம். ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் இடித்துப் பிடித்து ஏறியவன், அடுத்த ஸ்டேஷனில் கதவை அடைத்துக்கொண்டு "இடமில்லை" என்பானே, அந்தக் கதைதான். வீடு தேவைப்படுகிறவர்கள் நம் பிள்ளைகள் வயசுக்காரர்கள். அவர்கள் எங்கே போவார்கள்?

ஆகவே வீடு வரட்டும். ஆனால் 1,200ம் ஒரே மூச்சில் வரக்கூடாது என்பதுதான் என் கட்சி.

பொதுப்பணித் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 4,800 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. மொத்தம் 6,48,000 லிட்டர். குழாய்த் தண்ணீர் வரும்வரை இதை லாரியில்தான் கொண்டுவர வேண்டும். 12,000 லிட்டர் லாரி என்றால் தினம் 54 நடை. போக, வர என்று கல்லூரி வாசலை 108 தடவை தாண்டும். காலை எட்டரை மணிக்கு அந்த வாசலில் நின்று பாருங்கள். நடைபாதை கிடையாது. பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகள் சாலையிலேயேதான் நடக்கிறார்கள்.

இரண்டாவது, மழைத் தண்ணீர். ஏரியின் கலங்கல் வழிந்தால் உபரிநீர் அந்தக் காலி நிலத்தின் ஓரமாக ஓடும் கால்வாய் வழியாகத்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போயாக வேண்டும். புதிய திட்டங்களில் வெள்ளம் புகாமலிருக்க மனையை மண் கொட்டி உயர்த்தச் சொல்வது வழக்கம். அந்த மனைக்கு அது நல்லது. ஆனால் அங்கே நின்றுகொண்டிருந்த தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்தில் இருக்கும் நம் தெருவுக்குத்தான்.

2015 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அந்தக் கல்லூரிதான் மாடி வகுப்பறைகளைத் திறந்துவிட்டது. நானும் என் மனைவியும் நான்கு ராத்திரி அங்கே பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். விடுதிப் பிள்ளைகள் உப்புமா கொண்டுவந்து கொடுத்தார்கள். கால்வாய் அடைபட்டால் அடுத்த தடவை அந்த வளாகத்துக்குள்ளும் தண்ணீர் புகும். அப்புறம் நாம் எங்கே ஓடுவது?

அதனால்தான் கட்டம் கட்டமாக என்கிறேன். முதலில் கால்வாயைத் தூர்வாரி, கரை கட்டி, அகலத்தை அளந்து கல் நட வேண்டும். கல்லூரிச் சாலைக்கு நடைபாதையும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் வர வேண்டும். அதன் பிறகு 300 வீடுகள். ஆட்கள் குடிவந்து, ஒரு ஐப்பசி, கார்த்திகை கடக்கட்டும். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடம் சொல்வதைவிட ஒரு வடகிழக்குப் பருவமழை தெளிவாகச் சொல்லிவிடும். கோளாறு இருந்தால் சரிசெய்துவிட்டு அடுத்த 300க்குப் போகலாம்.

"கட்டம் கட்டமாகத்தான் சார் நாங்களும் கட்டப்போகிறோம்" என்று கட்டுநர் தரப்பில் வந்த இளைஞர் சொன்னார். அவர் காட்டிய படத்தைப் பார்த்தேன். பூங்காவும் சுத்திகரிப்பு நிலையமும் கடைசிக் கட்டத்தில் இருந்தன! விற்பது முதலில், வசதி கடைசியில். நடுவில் பணம் தட்டினால் கடைசிக் கட்டம் வரவே வராது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டமாகவே கருதப்படும், தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே எந்த வசதி எந்தக் கட்டத்தில் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இதில் கஷ்டம் இல்லாமல் இல்லை. முதல் கட்டத்தில் குடிவருகிறவர்கள் வருஷக்கணக்கில் தூசியும் சத்தமும் தாங்க வேண்டும். வேலை இழுத்தால் செலவும் கூடும், அது வீட்டு விலையில் ஏறும். ஆனால் ஒரு வெள்ளத்தில் போகும் சாமான்களின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. எனக்கு அனுபவம் இருக்கிறது.

இன்னொன்று. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்கள் முன் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அதாவது, நம்மைக் கூப்பிட்டு யாரும் கேட்கப்போவதில்லை. நாமாகப் போய்ச் சொன்னால்தான் உண்டு. "வேண்டவே வேண்டாம்" என்று போனால் மனு கோப்பின் அடியில் போய்விடும். "வேண்டும், ஆனால் இந்த வரிசையில்" என்று போனால் அதிகாரிக்கும் நிபந்தனையாக எழுத ஒரு வழி கிடைக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

கூட்டத்தின் முடிவில் கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் கைகள் இந்தப் பக்கம் உயர்ந்தன. ஒரு செங்கல்லும் கூடாது என்று முதலில் சத்தம் போட்ட எதிர்வீட்டு நண்பரும் தூக்கினார். மனு தயாராகிவிட்டது. கல்லூரி முதல்வரையும் பார்த்துக் கையெழுத்துக் கேட்கப் போகிறோம். தாள் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். காபியும் உண்டு.