சாட்சியம் சொன்னவர்களுக்குச் சிகிச்சை எங்கே?

உயர் நீதிமன்றம் முதல் நீதவான் நீதிமன்றம் வரை அத்தனையும் புதுக்கடையில்தான் இருக்கின்றன. எமது சமூகத்தின் அண்மைக்கால வலிகள் பலவும் இங்கே கோப்புகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. கொவிட் ஜனாஸாக்களை எரிப்பதற்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்கள் 2020 டிசம்பர் 1 ஆம் திகதி மேலதிக விசாரணைக்கு அனுமதி மறுக்கப்பட்டுத் தள்ளுபடியானது இங்கேதான். உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12 இல் தீர்ப்பு வந்ததும் இங்கேதான்.

இந்தத் தீர்ப்புகளின் சரி பிழை பற்றி நிறையவே எழுதப்பட்டாயிற்று. நான் கேட்க வருவது வேறொன்று. சத்தியக் கடதாசி கொடுத்தவர், சாட்சிக் கூண்டில் ஏறியவர், ஆணைக்குழு முன்னால் அழுதவர் ஆகியோர் வீடு திரும்பிய பிறகு அவர்களுடைய இரவுகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

மனதில் உள்ளதைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள் எமது பெரியவர்கள். அது பாதி உண்மை. யாரிடம், எப்படி, எத்தனை தடவை சொல்கிறோம் என்பதில்தான் மீதி இருக்கிறது.

கொடூரமான ஒன்றிலிருந்து உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தின் அரவணைப்பிலும் காலப்போக்கிலும் மெல்லத் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அந்த நாள் முடிவதே இல்லை. கனவில் வரும், பட்டாசுச் சத்தத்தில் வரும், கருகிய மணத்தில் வரும். அந்த வீதியால் போகமாட்டார், அந்தப் பேச்சை எடுக்கவிடமாட்டார், சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழுவார், காரணமில்லாமல் பிள்ளைகளுடன் எரிந்து விழுவார். இது வாரக்கணக்கில் நீடித்து வாழ்க்கையைக் குழப்பினால் அதை நோயாகக் கொள்ள வேண்டும் என்று அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் வகைப்படுத்தியது. ஆங்கிலச் சுருக்கத்தில் பீ.ரீ.எஸ்.டி. எமது நாட்டுத் தமிழில் இதை நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு என்கிறோம். ஈமான் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? உயிராபத்து நேரும்போது சத்தம், மணம், பயம், நெஞ்சிடி எல்லாம் தனித்தனித் துண்டுகளாக மூளையில் பதிகின்றன. இது எங்கே நடந்தது, எப்போது நடந்தது, எப்போது முடிந்தது என்ற விபரம் அவற்றோடு சரியாக ஒட்டுவதில்லை. அதனால்தான் பழைய நினைவு பழையதாக வராமல் இப்போது நடப்பது போலவே வந்து நிற்கிறது. அதைத் தவிர்க்கத் தவிர்க்க அன்றைக்கு மட்டும் ஆறுதல் கிடைக்கிறது. பயமோ அப்படியே இருந்துகொண்டிருக்கிறது.

ஆகவே இதற்கான சிகிச்சைகளில் பலவும் ஒரே திசையில்தான் போகின்றன. பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, அந்த நினைவைத் தவிர்க்காமல் அணுகுவது. எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில் நோயாளி அந்த நிகழ்வை மீண்டும் மீண்டும் விபரமாகச் சொல்கிறார், தவிர்த்து வந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகிறார். "நான் அன்று அவனை அனுப்பாமல் இருந்திருந்தால்" என்ற குற்ற உணர்வை எடுத்து ஆராய்வது இன்னொரு முறை. கண்ணசைவோடு நினைவை மீட்கும் ஈ.எம்.டீ.ஆர் என்ற முறையும் உண்டு. கேட்கும்போது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டலில் சிபாரிசு செய்த சிகிச்சைகளில் அதுவும் ஒன்று. அதே வழிகாட்டல், சம்பவம் நடந்த முதல் மாதத்தில் மனவடு அறிகுறிகளுக்காக டயஸிபாம் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஜனாஸா வீட்டில் அழுது மயங்கியவருக்கு உடனே ஒரு தூக்க மாத்திரை என்ற எமது வழக்கத்தை இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

எமது சூழலுக்கு மிக நெருக்கமான முறை, ஜேர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகி ஷவுவர், ஃபிராங் நொய்னர், தோமஸ் எல்பர்ட் ஆகியோர் அகதிகளுக்காக வடிவமைத்தது. ஒரு கயிற்றைத் தரையில் விரிக்கிறார்கள். அதுதான் ஆயுள். நல்ல நாட்களுக்குப் பூ, கெட்ட நாட்களுக்குக் கல். பிறகு பிறப்பிலிருந்து தொடங்கி வரிசையாக, ஒவ்வொரு கல்லின் அருகிலும் நின்று, அன்று என்ன கண்டீர்கள், உடம்பில் என்ன உணர்ந்தீர்கள், பிறகு என்ன நடந்தது என்று கேட்டு எழுதுகிறார்கள். அடுத்த அமர்வில் அதை வாசித்துக் காட்டுகிறார்கள். கடைசியில் முழுக் கதையும் எழுதிய பிரதி அவர் கைக்கே போகிறது. இந்த யோசனையின் வேர் சிலி நாட்டில் இருக்கிறது. பினோசே சர்வாதிகாரத்தில் சித்திரவதைக்கு உள்ளானவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்த உளவியலாளர்கள், ஆவணத்துக்காக எடுத்த சாட்சியமே சொன்னவர்களுக்கு மருந்தாகவும் இருப்பதைக் கண்டு 1983 இல் எழுதினார்கள்.

இந்த முறை எமது நாட்டிலேயே பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. சுனாமிக்குச் சில வாரங்களின் பின்னர், வடகிழக்கு முகாமொன்றில் மனவடுவுக்கு உள்ளான 31 பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் வீதம் சிகிச்சை நடந்தது. ஒரு பகுதியினருக்குக் கதை சொல்லும் முறை, மற்றவர்களுக்குத் தியானமும் உடல் தளர்த்தலும். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதங்களின் பின் முதல் குழுவில் 81 வீதமானோரும் இரண்டாம் குழுவில் 71 வீதமானோரும் குணமடைந்திருந்தனர். சிறிய ஆய்வு என்பதால் எந்த முறை சிறந்தது என்று இதை வைத்து அடித்துப் பேச முடியாது. ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற நிபுணர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இது போதும்.

அப்படியானால் ஆணைக்குழுக்களில் சொன்னவர்களும் குணமடைந்திருக்க வேண்டுமே என்று ஒருவர் கேட்கலாம். தென்னாபிரிக்காவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு பற்றி 2001 இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் பார்த்தது. பகிரங்கமாகச் சாட்சியம் சொன்னவர்கள், மூடிய அறையில் சொன்னவர்கள், சொல்லாதவர்கள் என்று மூன்று தரப்பையும் ஒப்பிட்டபோது, மனவடுவிலோ மனச்சோர்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. ஆணைக்குழுவுக்கு வேண்டியது தகவல். நேரம் முடிந்ததும் அடுத்த இலக்கம் கூப்பிடப்படும். நீதிமன்றத்திலோ எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்வார், திகதியைப் பிழையாகச் சொன்னால் பொய்யர் என்பார். சிதறிப் பதிந்த நினைவு திகதி மாறித்தான் வரும்! பிறகு வழக்குத் தவணை தள்ளிப்போகும், அதே கல்லுக்கு மீண்டும் அவரை இழுத்து வந்து நிறுத்துவார்கள், பூ வைக்க ஆளிருக்காது.

வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட எமது மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அவர்களின் கதையை சட்டமும் சமூகமும் அறக்கட்டளையின் முயற்சியில் அமைந்த மக்கள் ஆணைக்குழு கேட்டு 2011 இல் அறிக்கையாக்கியது. கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவும் கேட்டது, நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணியும் கேட்டது. கேட்டவர்களைக் குறை சொல்லவில்லை. பதிவு அவசியம், அந்த 2011 அறிக்கை இல்லாவிட்டால் எமது அடுத்த தலைமுறைக்கு ஆதாரமே இல்லை. ஆனால் கேட்பதற்குப் போடப்பட்ட மேசைகளின் எண்ணிக்கைக்குச் சிகிச்சைக்கான கதிரைகள் போடப்படவில்லை.

புத்தளத்தில் வாழும் இம்மக்களிடையே செஸ்மல் சிறிவர்தன உள்ளிட்ட ஆய்வாளர்கள் 450 பேரைப் பரிசோதித்து 2013 இல் வெளியிட்ட முடிவு நாம் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டியது. ஏதாவதொரு பொதுவான உளநோய் இருந்தவர்கள் 18.8 வீதம். மனவடு என்று இனங்காணப்பட்டவர்களோ 2.4 வீதம்தான். பார்த்தீர்களா, இருபது வருடத்தில் எல்லாம் ஆறிவிட்டது என்று ஒருவர் சொல்லக்கூடும். அதே அட்டவணையின் அடுத்த வரி வேறு கதை சொல்கிறது: வைத்தியக் காரணம் பிடிபடாத உடல் உபாதைகளாக வெளிப்படும் நோய் 14 வீதம். தலையிடி, உடம்பு உழைவு, நெஞ்சுப் பாரம், பெருமூச்சு. எமது தாய்மார் கவலையை உடம்பால்தான் சொல்வார்கள். வெளிநோயாளர் பிரிவில் பனடோலும் விற்றமினும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள், ஐந்து நிமிடத்தில். "எப்போதிருந்து இப்படி?" என்று வைத்தியர் தமிழில் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

இங்கே மொழி ஒரு பெரிய விடயம். காய்ச்சலைச் சைகையால் காட்டலாம். சிகிச்சையே பேச்சாக இருக்கும்போது மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? கொழும்பில் தமிழில் உளச் சிகிச்சை பெறுவது இன்னமும் சிரமம்தான்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனித மனவடுவோடு நின்றுவிடாமல் சமூகமே காயப்படுவதைப் பற்றியும் நீண்ட காலம் எழுதி வந்தவர். நம்பிக்கை, அயல், சடங்குகள் எல்லாம் உடையும்போது ஒருவரை மட்டும் அறைக்குள் வைத்துச் சீர்செய்ய முடியாது என்பது அவரது வாதத்தின் சாரம். 2020 இல் எமக்கு நடந்ததை இதைவிடச் சரியாக விளக்க முடியாது. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, கபுறில் வைத்து மூன்று பிடி மண் போடுவதுதான் எமது துக்கத்துக்கு ஒரு முடிவைத் தருகிறது. அது மறுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது நல்ல விடயம். அந்த முடிவால் மட்டும் ஒருவருக்குத் தூக்கம் வந்துவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கமும் இப்போது சிகிச்சைக்குரிய நோயாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

எமது பக்கத்திலும் ஒரு தடை உண்டு. சபுர் செய்யுங்கள் என்று சொல்லி வாயை மூடிவிடுகிறோம். மகனைப் பிரிந்த யஃகூப் நபி அழுது அழுது கண்பார்வை இழந்ததை ஓதுகின்ற சமூகம் நாம். அவர் சபுர் இல்லாதவர் என்று யாரும் சொல்வதில்லையே. அபூ ஸைத் அல்பல்கி உடல் நோய்க்குப் பக்கத்தில் மன நோயையும் வைத்து, பயத்துக்கும் துக்கத்துக்கும் சிகிச்சை எழுதி ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. ஓதிப் பார்ப்பது ஆறுதல் தருமானால் செய்யலாம், நான் தடுக்கவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்பவரையும், ஜின் என்று சொல்லிப் பிள்ளையை அடிப்பவரையும் தடுத்தே ஆக வேண்டும்.

ஆளில்லை என்பது பெரிய சாட்டு. பாகிஸ்தானின் பெஷாவரில் வன்முறையால் பாதிக்கப்பட்ட 346 பேரிடம் நடந்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து அமர்வுத் திட்டத்தை நடத்தியவர்கள் உளநோய் நிபுணர்கள் அல்ல, பயிற்சியளிக்கப்பட்ட சாதாரண ஊழியர்கள். பதகளிப்பும் மனச்சோர்வும் தெளிவாகக் குறைந்தன. எமது பள்ளிவாசல்களில் நிவாரணக் குழு இருக்கிறது, ஜனாஸாக் குழு இருக்கிறது, ஸகாத் குழு இருக்கிறது. இருவருக்கு, அதில் ஒருவர் பெண்ணாக, இப்படியான பயிற்சி கொடுத்து, கடுமையானவர்களை வைத்தியசாலை உளநலக் கிளினிக்குக்கு அனுப்பும் வழியை உருவாக்குவது ஒரு பெருநாள் மின்விளக்குச் செலவுக்குள் முடியும் காரியம். ஒரே நாளில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசச் செய்து கலைந்துவிடும் பட்டறைகள் மட்டும் வேண்டாம். அப்படியான ஒற்றை அமர்வு மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

புதுக்கடையில் கறுப்புக் கோட்டோடு நடக்கும் எமது சட்டத்தரணிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் முதலில் 2015 இன் 4 ஆம் இலக்கமாகவும், பின்னர் அதற்குப் பதிலாக 2023 இன் 10 ஆம் இலக்கமாகவும் நிறைவேறியது. வேறிடத்தில் இருந்து ஒளி, ஒலி இணைப்பு வழியாகச் சாட்சியமளிக்க இதில் இடமிருக்கிறது. கட்சிக்காரருக்கு இதைச் சொல்வதும், கூண்டில் ஏறுமுன் உளநல வைத்தியரிடம் அனுப்புவதும், தவணை தள்ளிப்போகும் நாளில் அவரைத் தனியாக பஸ்ஸில் ஏற்றிவிடாமல் இருப்பதும் கட்டணத்தில் சேராத வேலைகள். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். அந்த இலக்கத்தைக் கோப்பின் மேலட்டையில், வழக்கு இலக்கத்துக்குக் கீழே எழுதிக் கொடுங்கள்.