படப்பெட்டி யார் கையில் இருக்க வேண்டும்?

1975 ஏப்ரலில் ‘கிஸ்ஸா குர்சி கா’ என்ற இந்திப் படம் சான்றிதழ் கேட்டுத் தணிக்கை வாரியத்துக்கு வந்தது. நாற்காலியின் கதை என்பது தலைப்பின் பொருள். படத்தை எடுத்த அம்ரித் நஹாட்டா எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ராஜஸ்தானின் பார்மர் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி வரிசையில் அமர்ந்திருந்த காங்கிரஸ் உறுப்பினர். கங்காராம் என்ற ஆட்சித் தலைவரும் அவரைச் சுற்றி நின்று காரியம் சாதிக்கும் கூட்டமும் ஜனதா என்ற வாய் பேசாத பெண்ணைத் தம் வசப்படுத்தப் பார்ப்பதுதான் கதை. ஜனதாவாக ஷபானா ஆஸ்மி நடித்தார். தலைவரின் கட்சிக்கு மக்கள் கார்தான் தேர்தல் சின்னம். பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி மாருதி என்ற பெயரில் சிறிய கார் திட்டம் நடத்திவந்த காலம் அது. பார்ப்பவர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத கேலி. அந்தப் படத்தை இன்று எவராலும் பார்க்க முடியாது. நெகட்டிவும் பிரதிகளும் அரசின் பொறுப்பில் இருந்தபோதே மறைந்துபோயின.

நடந்ததை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். வாரியம் உடனடியாகச் சான்றிதழ் தரவில்லை. படம் மறுஆய்வுக் குழுவுக்குப் போனது. அங்கிருந்து மத்திய அரசின் மேசைக்குப் போனது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 51 ஆட்சேபங்களை அடுக்கி விளக்கம் கேட்டது. ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை வந்தது. பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே, எந்தக் கட்சியையும் தனிநபரையும் குறிப்பவை அல்ல என்று ஜூலையில் நஹாட்டா பதில் எழுதினார். அது ஏற்கப்படவில்லை, படம் அரசின் கைக்குப் போனது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிபதிகள் படத்தைப் பார்க்க விரும்பியபோது, பிரதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. 1977இல் ஆட்சி மாறிய பின்னரே வழக்கு பிறந்தது. படச்சுருள்கள் இருந்த பெட்டிகள் குர்கான் மாருதி தொழிற்சாலைக்குக் கொண்டுபோகப்பட்டு எரிக்கப்பட்டன என்பது புலனாய்வுத் துறையின் குற்றச்சாட்டு. சஞ்சய் காந்திக்கும் முன்னாள் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வி.சி. சுக்லாவுக்கும் 1979 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1980 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஆக, சட்டத்தின் கணக்கில் இந்தப் படத்தை அழித்த குற்றவாளி என்று எவரும் இல்லை.

தீ வைத்தது யார் என்ற கேள்வியிலேயே நாம் நின்றுவிடுகிறோம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆட்சியாளர்களைக் கேலி செய்த படம் அதே ஆட்சியாளர்களின் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? யாரும் பூட்டை உடைத்து எடுத்துப் போகவில்லை. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் காட்டிய வழியிலேயே படம் ஒவ்வொரு படியாக மேலே போனது. வாரியத் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமித்தது மத்திய அரசு. வாரியம் தயங்கினால் தீர்ப்புச் சொல்லும் இடத்திலும் மத்திய அரசே இருந்தது. கேலிக்கு இலக்கானவரையே நீதிபதியாக உட்காரவைத்த அமைப்பு அது. எரிப்பு நடந்திருந்தால் அது சட்டவிரோதம்தான். ஆனால் அதற்கு முந்தைய ஏறக்குறைய எல்லா அடிகளும் சட்டம் அனுமதித்தவை. நெருக்கடி நிலையை மட்டும் பழித்துவிட்டு இந்தச் சட்ட அமைப்பைக் குற்றம் சொல்லாமல் விடுவது பாதி உண்மையோடு திருப்திப்படுவதாகும்.

அது ஓர் அசாதாரண காலம், இன்றைக்கு அதை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். ஆனால் நெருக்கடி நிலைக்கு முன்பே நோய் கண்டறியப்பட்டிருந்தது. தணிக்கையை அரசின் பிடியிலிருந்து விடுவித்துச் சுதந்திரமான வாரியத்திடம் தர வேண்டும் என்று அரசு அமைத்த கோஸ்லா குழு 1969இலேயே பரிந்துரைத்தது. இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றது. கூடவே, காலக்கெடு வேண்டும், அரசிடம் அல்லாமல் நீதிமன்றத்திடமோ தீர்ப்பாயத்திடமோ மேல்முறையீடு செய்ய வழி வேண்டும் என்றும் வலியுறுத்தியது. அந்த வழி உரிய நேரத்தில் திறந்திருந்தால் 1975இல் நஹாட்டாவின் படம் அமைச்சகத்தின் மேசைக்குப் போயிருக்க வேண்டியதில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கான சட்டத் திருத்தம் 1981இல்தான் நிறைவேறியது. அந்தத் தீர்ப்பாயத்தையும் 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் கலைத்துவிட்டது. சான்றிதழ் பெற்ற படத்தின் மீது மத்திய அரசு மறுபடி கைவைக்க முடியாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே அதிகாரத்தைத் திரும்பக் கொண்டுவர 2021இல் ஒரு வரைவு மசோதா முயன்றது. திரைத் துறையினர் கடுமையாக எதிர்த்தார்கள். 2023 திருத்தச் சட்டத்தில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. ஆட்சி எதுவானாலும் இந்த அதிகாரத்தின் மேல் உள்ள ஆசை மட்டும் விடுவதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையா?

ஆளுங்கட்சியைச் சேர்ந்திருந்தால் பாதுகாப்பு உண்டு என்பதும் பொய். கங்கனா ரணாவத் இயக்கிய ‘எமர்ஜென்சி’, 2024 செப்டம்பர் 6 அன்று வெளியாக வேண்டிய படம். அவர் அப்போது பாஜக மக்களவை உறுப்பினர். சீக்கிய அமைப்புகளின் எதிர்ப்புக்கு நடுவில் சான்றிதழ் தாமதமாக, விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. படம் 2025 ஜனவரி 17 அன்றுதான் திரைக்கு வந்தது. அது அங்கதப் படம் அல்ல. அதன் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். நாள் குறித்த படம் நான்கு மாதம் நின்றால் தயாரிப்பாளரின் வட்டி ஏறும், திரையரங்க ஒப்பந்தங்கள் குலையும். தடை என்ற சொல்லை உச்சரிக்காமலே ஒரு படத்தை முடக்க முடியும். அடுத்து எழுத உட்காரும் கதாசிரியர், இந்தக் காட்சி வேண்டாம் என்று தானே அடித்துவிடுவார். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது.

சினிமாவுக்கு நூலைவிட வீச்சு அதிகம், அதனால் கட்டுப்பாடு தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அப்பாஸ் வழக்கிலும் நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. குழந்தைகள் எதைப் பார்க்கலாம் என்று வயதுவாரியாகப் பிரிக்க ஓர் அமைப்பு தேவை; அதை யாரும் மறுக்கவில்லை. அதற்கும் அமைச்சரைக் கேலி செய்யும் வசனத்தை வெட்டுவதற்கும் என்ன தொடர்பு? வயது வரம்பைக் குறிப்பதோடு வாரியம் நிற்கலாம் என்றே ஷியாம் பெனகல் குழு 2016இல் சொன்னது. உயிரோடிருக்கும் தலைவரின் பெயர் கெடுகிறது என்றால், மற்ற குடிமக்களைப் போல அவரும் படம் வெளிவந்த பிறகு அவதூறு வழக்குத் தொடுக்கட்டும். பொதுவாழ்வுக்கு வந்தவர் சாதாரணக் குடிமகனைவிடக் கூடுதல் கேலியைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

படம் வந்தால் கலவரம் வரும் என்பது அடுத்த வாதம். இதற்கான பதிலை ஒரு தமிழ்ப் படமே பெற்றுத் தந்திருக்கிறது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பத் தந்தது. போராட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்கக் கூடாது, அமைதியைக் காப்பது அரசின் கடமை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தப் படத்தின் கருத்து தவறு என்று நினைப்பவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு காவல். தனக்குப் பிடிக்காத படத்துக்கும் அந்த உரிமையைக் கோருபவர்தான் உண்மையில் உரிமையைக் கோருகிறார்.

நஹாட்டா அதே கதையை மீண்டும் எடுத்தார், 1978இல் படம் வெளிவந்தது, பிறகு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களும் உண்டு. அங்கதத்துக்குப் பருவம் முக்கியம். நாற்காலியில் இருப்பவரை அவர் இருக்கும்போதே கேலி செய்வதில்தான் அதன் துணிவும் பயனும் இருக்கின்றன. 1971இல் சோ தன் மேடை நாடகமான ‘முகமது பின் துக்ளக்’கைப் படமாக்கியபோது எதிர்ப்புகளைக் கடந்து அது அந்தக் காலத்திலேயே திரைக்கு வந்தது, அவர் யாரைக் கேலி செய்தாரோ அவர்களும் பார்த்திருக்க முடியும், அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களும் பார்த்து முடிவுக்கு வர முடிந்தது. ‘கிஸ்ஸா குர்சி கா’ இரண்டாம் முறை வந்தபோது அது கேலி செய்த ஆட்சி தேர்தலில் தோற்றுப் போயிருந்தது. எச்சரிக்கையாக வந்திருக்க வேண்டியது நினைவூட்டலாக மட்டுமே வந்தது. 1975இன் குடிமகனுக்கு எது மறுக்கப்பட்டதோ அதை 1978இல் ஈடுகட்ட முடியாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. வாரிய நியமனத்தை அமைச்சகத்திடமிருந்து எடுத்து, நீதித் துறையும் எதிர்க்கட்சியும் இடம்பெறும் தேர்வுக் குழுவிடம் தர வேண்டும். காலக்கெடுவுக்குள் முடிவு சொல்லாவிட்டால் சான்றிதழ் கிடைத்ததாகவே கருத வேண்டும். கலைக்கப்பட்ட தீர்ப்பாயத்தை மீண்டும் அமைக்க வேண்டும். ஒவ்வொரு சிறு தயாரிப்பாளரும் உயர் நீதிமன்றப் படியேறுவது நடக்கிற காரியமல்ல. எதிர்க்கட்சியாக இருக்கும்போது இவற்றுக்குத் தலையாட்டும் கட்சிகள் ஆட்சிக்கு வந்ததும் மறந்துவிடுகின்றன. ஒவ்வொரு ஜூன் 25 அன்றும் நெருக்கடி நிலையைக் கண்டித்து அறிக்கை விடுபவர்களிடம் வாக்காளர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அன்று நஹாட்டாவின் படத்தை அரசிடம் கொண்டுசேர்த்த அதிகாரத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கத் தயாரா?